சண்டைக் காலத்தில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது? பொள்ளாச்சிப் பக்கம் அடிக்கடி கேட்ட கேள்விகள்

2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டை 7ஆம் தேதி தொடங்கி 10ஆம் தேதி நின்றது. நான்கே நாள். அந்த வாரம் என்னிடம் வரத் தொடங்கிய சந்தேகங்கள் மட்டும் இன்னும் நின்றபாடில்லை. நான் பொள்ளாச்சியில் வழக்கறிஞராக இருக்கிறேன். கோர்ட் வாசலில் கேட்டார்கள், பேக்கரியில் டீ குடிக்கும்போது கேட்டார்கள், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் கேட்டார்கள். பெரும்பாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். பலர் பயந்துபோய்க் கேட்டார்கள். சிலர் கோபத்தோடு கேட்டார்கள்.

கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்திருக்கிறேன். வழக்கு என்று ஒன்று உங்கள் மேல் வந்துவிட்டால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், உடனே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

ஏனுங்க வக்கீலம்மா, சண்டை வந்துட்டா பேச்சுரிமை தானாப் போயிருமுங்களா?

போகாது. எல்லையில் குண்டு விழுந்ததாலேயே உங்கள் உரிமை எதுவும் ரத்தாகிவிடாது. அதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 352ஆம் பிரிவில் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்க வேண்டும். 1999ல் கார்கில் சண்டை இரண்டு மாதத்துக்கு மேல் நடந்தது. அப்போது அறிவிக்கவில்லை. 2025 மே மாதமும் அறிவிக்கவில்லை. அந்த நான்கு நாளும் உங்கள் பேச்சுரிமை, அதற்கு முந்தைய மாதம் எப்படி இருந்ததோ அப்படியே சட்டப்படி இருந்தது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

அப்போ நெருக்கடி நிலைன்னு அறிவிச்சுப்போட்டா என்னென்ன போகுமுங்க?

போர் அல்லது அந்நியப் படையெடுப்புக் காரணமாக அறிவித்தால், பேச்சு, கூட்டம், சங்கம், நடமாட்டம் ஆகிய உரிமைகளைத் தரும் 19ஆம் பிரிவு நிறுத்திவைக்கப்படும். இது 358ஆம் பிரிவின் வேலை. 359ஆம் பிரிவில் இன்னொரு உத்தரவு போட்டு, மற்ற அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் போகும் வழியையும் அடைக்கலாம். இதுவரை மூன்று முறை அறிவித்திருக்கிறார்கள்: 1962 அக்டோபரில் சீனப் போரின்போது, 1971 டிசம்பரில் பாகிஸ்தான் போரின்போது, 1975 ஜூனில் உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லி.

மூன்றாவது முறை பட்ட அடியில்தான் 1978ல் 44ஆவது திருத்தம் வந்தது. அதன்படி உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணம் இனி செல்லாது, ஆயுதம் தாங்கிய கிளர்ச்சியாக இருக்க வேண்டும். அமைச்சரவை எழுத்து மூலமாகப் பரிந்துரைக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஒப்புதல் வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று: உயிரையும் உடல் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவையும், குற்ற வழக்கில் பாதுகாப்புத் தரும் 20ஆம் பிரிவையும் இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்த முடியாது. 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், நெருக்கடியில் பிடித்து வைக்கப்பட்டவர் அதை எதிர்த்து நீதிமன்றம் வர முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். எச். ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். மறு ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இன்னொருவருக்குப் போனது. அந்த நான்கு பேரின் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017ல் தவறு என்று தூக்கிப் போட்டது. படிக்கும் காலத்தில் கன்னாவின் தீர்ப்பைத்தான் எங்கள் ஆசிரியர் முதலில் படிக்கச் சொன்னார். இன்றும் என் மேசையில் ஒரு நகல் இருக்கிறது.

நெருக்கடி இல்லீன்னா என்ன வேணா பேசலாமுங்களா?

அதுவும் இல்லை. 19(2) என்று ஒரு உட்பிரிவு எப்போதும் இருக்கிறது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல் என்று எட்டுக் காரணங்களுக்காக அரசு சட்டம் போட்டுப் பேச்சைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும், அதை நீதிமன்றம் எடைபோடும்.

இந்த எட்டில் "இறையாண்மை, ஒருமைப்பாடு" என்பது முதலில் இல்லை. 1963ல் 16ஆவது திருத்தத்தில் சேர்த்தார்கள். சீனப் போர் முடிந்த சூடு, இங்கே திராவிட நாடு கோரிக்கை, இரண்டும் அதன் பின்னால் இருந்தன. மாநிலங்களவையில் அண்ணா அதை எதிர்த்துப் பேசினார். சீனா படையெடுத்த உடனே அந்தக் கோரிக்கையைத் தள்ளிவைத்ததும் அவர் கட்சிதான். போர் நடந்தது ஒரு மாதம். அந்த ஒரு வரி இன்றும் சட்டத்தில் இருக்கிறது.

என்ற பேரன் கவர்மென்ட்டக் குறை சொல்லி ஒரு பதிவு போட்டானுங்க. ஊரே தேசத்துரோகிங்குது. உள்ள போட்ருவாங்களா?

தேசத்துரோகம் என்று ஒரு குற்றமே சட்டத்தில் அந்தப் பெயரில் கிடையாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவில் ராஜதுரோகம் இருந்தது. 1962ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையைத் தூண்டாத வரை அரசை எவ்வளவு கடுமையாகக் குறை சொன்னாலும் அது ராஜதுரோகம் ஆகாது என்றது. 2022 மே மாதம் அந்தப் பிரிவையே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 152ஆம் பிரிவு, பிரிவினையையோ ஆயுதக் கிளர்ச்சியையோ தூண்டுவது, நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து விளைவிப்பது பற்றியது. தண்டனை ஏழு ஆண்டு வரை அல்லது ஆயுள். வார்த்தைகள் அகலமாக இருப்பதால் எனக்கு இந்தப் பிரிவு பிடிக்கவில்லை. அகலமான வலையில் சின்ன மீனும் மாட்டும்.

உங்கள் பேரன் எழுதியது "உளவுத்துறை தூங்கிவிட்டதா, இத்தனை பேர் செத்ததற்கு யார் பொறுப்பு?" என்ற வகையாக இருந்தால் அது குடிமகன் கேட்க வேண்டிய கேள்வி. மகாராஷ்டிரத்தில் ஒரு பேராசிரியர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாகிஸ்தான் மக்களுக்குச் சுதந்திர தின வாழ்த்துப் போட்டார், காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கிய நாளைக் கறுப்பு நாள் என்றும் எழுதினார். அதுகூடக் குற்றம் இல்லை என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சண்டை வேண்டாம், பேசித் தீத்துக்கலாம்னு சொன்னா?

தாராளமாகச் சொல்லலாம். போர் வேண்டாம் என்பது ஒரு கருத்து. 1940 அக்டோபரில் வினோபா பாவேயில் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் தொண்டர்கள் செய்ததே அவ்வளவுதான்: பொது இடத்தில் நின்று, பிரிட்டிஷ் போருக்கு ஆளும் பணமும் கொடுக்காதீர்கள் என்று சொன்னார்கள். இந்தியப் பாதுகாப்பு விதிகளில் ஆயிரக்கணக்கானோர் சிறை போனார்கள். பேச்சுரிமைக்காகவே நடந்த போராட்டம் அது.

இன்று சட்டம் அப்படி இல்லை. நடப்பு எப்போதும் சட்டத்தோடு ஒத்துப் போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 மே 18 அன்று ஹரியானாவில் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் முகநூல் பதிவுக்காகக் கைதானார். மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. ஆனால் அந்த விஷயம் பற்றி மேலும் எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஜாமீன் கிடைத்ததில் நிம்மதி, நிபந்தனையில் வருத்தம்.

சூலூர்ல இருந்து விமானம் கிளம்பறத மொட்ட மாடில நின்னு வீடியோ எடுத்துப் போட்டா தப்புங்களா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கண்டிப்பாகப் பதில் சொல்வேன். சண்டை நடக்கும் நேரத்தில் போடாதீர்கள். நம் பக்கம் சும்மா இல்லை: சூலூரில் விமானப்படைத் தளம், கோவை ரெட்பீல்ட்ஸில் கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணி, மலை மேலே வெலிங்டன் ராணுவ மையம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. எந்த நேரத்தில் எத்தனை விமானம் எந்தத் திசையில் போனது என்பது உங்களுக்கு வேடிக்கை. கணக்கு எடுப்பவனுக்கு அது தகவல்.

சட்டம் 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம். தடைசெய்யப்பட்ட இடங்களை, நாட்டுக்குக் கேடான நோக்கத்தோடு படமோ வரைபடமோ எடுத்தால், பாதுகாப்பு நிலையம் சம்பந்தப்பட்டது என்றால் 14 ஆண்டு வரை சிறை. நோக்கம் முக்கியம், ஆசைக்காக எடுத்தவன் உளவாளி ஆகிவிட மாட்டான். ஆனால் அந்த நோக்கத்தை விளக்க நீங்கள் எத்தனை நாள் அலைய வேண்டும் என்று யோசியுங்கள். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரில் கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்படப் பலர் இறந்தார்கள். அது மூடுபனிக்குள் மறைவதைத் தற்செயலாகப் படம் பிடித்தவரின் கைபேசியையே போலீஸ் வாங்கித் தடயவியல் சோதனைக்கு அனுப்பியது. அவர் செய்தது எந்தத் தப்பும் இல்லை, அது போர்க்காலமும் இல்லை.

டிவிக்காரர்களுக்கும் இதே கதைதான். 2008 மும்பைத் தாக்குதலில் கமாண்டோக்களின் அசைவை நேரலையாகக் காட்டியதை உச்ச நீதிமன்றம் 2012ல் கடுமையாகக் கண்டித்தது. தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டக்கூடாது என்று 2021 கேபிள் டிவி விதிகளிலும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 26 அன்று மத்திய அரசு அதை மறுபடி நினைவுபடுத்தியது. இந்தக் கட்டுப்பாட்டை நான் முழு மனதாக ஏற்கிறேன். ஒரு வீரனின் உயிர் இதில் இருக்கிறது. கோவையில் பாதுகாப்புத் துறைக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரர்களுக்கும் இதுவே பொருந்தும். டிராயிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி விலை கேட்காதீர்கள்.

குரூப்புல வந்தத ஃபார்வர்டுதானுங்க பண்ணுனேன். எழுதுனது நானில்லையே?

கோர்ட்டில் இந்தப் பதில் எடுபடாது. ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018ல் ஒரு முன்ஜாமீன் வழக்கில் சொன்னது. பொய்த் தகவலையோ வதந்தியையோ பரப்பி மக்களைப் பீதியாக்கினால் நியாய சன்ஹிதா 353ல் மூன்று ஆண்டு வரை தண்டனை. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, கெட்ட எண்ணம் இல்லாமல் செய்திருந்தால் அதே பிரிவில் விலக்கும் உண்டு. "எங்க சித்தப்பா அனுப்புனார்" என்பது நியாயமான காரணம் ஆகாது. அந்த மே மாதம் வீடியோ கேம் காட்சிகளைக்கூடப் போர்க் காட்சி என்று பரப்பினார்கள்.

நான் குரூப் அட்மினுங்க. எவனோ போட்டதுக்கு என்னப் புடிப்பாங்களா?

வெறும் அட்மின் என்பதற்காக மட்டும் பிடிக்க முடியாது. சென்னை, மும்பை, கேரள உயர் நீதிமன்றங்கள் அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. நீங்களும் சேர்ந்து தூண்டியிருந்தால் கதை வேறு. பார்த்ததும் நீக்கிவிடுங்கள், நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஸ்டேஷன்ல கூப்புட்டு போனைக் குடுங்கறாங்க. குடுக்கோணுமுங்களா?

விசாரணைக்குத் தேவை என்றால் கைப்பற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எழுத்தில் எதுவும் வாங்காமல் போனைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், என்ன வழக்கு, எந்தப் பிரிவு, எப்போது கைப்பற்றினார்கள் என்று எழுதிய மகஜரின் நகல் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி கைப்பற்றுவதை வீடியோவில் பதிய வேண்டும். பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் இல்லை, அந்த இடத்தில் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்கில் பொதுவாக முதலில் அதே சட்டத்தின் 35(3) பிரிவில், விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், எடுத்தவுடன் கைது கூடாது. பேச்சு, எழுத்து சம்பந்தமான வழக்கில், தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் என்றால், எப்.ஐ.ஆர். போடும் முன் ஒரு பூர்வாங்க விசாரணை செய்வதே பொருத்தம் என்று 2025 மார்ச் 28ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது செய்தால் 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவலுக்கு மட்டும் இது பொருந்தாது. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை வைக்க முடியும்.

ஆர்மில இருக்கற பையன் எழுதலாமுங்களா? கவர்மென்ட் வாத்தியாரு?

ராணுவத்தில் இருப்பவருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி இந்த உரிமைகளைக் குறைக்கலாம், குறைத்தும் இருக்கிறார்கள். எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். அரசு ஊழியருக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு. அதை மீறினால் துறை நடவடிக்கை வரும், அதுவே கிரிமினல் குற்றம் ஆகிவிடாது.

இதெல்லாம் காஷ்மீர்ல, டெல்லில நடக்கறதுங்க. நம்மூர்ல எப்ப நடந்துச்சு?

நம் ஊர்க்காரர்களே இதை மறந்துவிட்டார்கள். 1942 ஆகஸ்டில் இரண்டாம் உலகப் போருக்காகச் சூலூரில் கட்டிக்கொண்டிருந்த விமானத்தளத்துக்குப் போராட்டக்காரர்கள் தீ வைத்தார்கள். அதே மாதம் சிங்காநல்லூர் பக்கம் ஒரு சரக்கு ரயிலைக் கவிழ்த்தார்கள். இவை பேச்சு அல்ல, செயல். அதற்கு வழக்குப் போட்டது புரிகிறது. ஆனால் வெள்ளைக்காரன் அத்தோடு நிற்கவில்லை. அந்த ஆண்டு ஒரு அவசரச் சட்டம் போட்டு, நாட்டில் பல ஊர்கள் மேல் கூட்டு அபராதம் விதித்தான். தீ வைத்தவனும் கட்டினான், அன்று வீட்டில் தூங்கியவனும் கட்டினான். சூலூர்ப் பக்கம் இருந்த என் அப்பிச்சி, போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் ஆம்பளைகள் சோளக்காட்டுக்குள் ஓடி ஒளிந்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அடுத்தது 1965. இந்தி எதிர்ப்புப் போராட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது 1962ல் அறிவித்த போர்க்கால நெருக்கடி இன்னும் அமலில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. சீனாவோடு சண்டை நின்று இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சீனாவுக்காகப் போட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகளில்தான் கலைஞர் கருணாநிதியைக் கைது செய்து பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தார்கள். பிப்ரவரி 12ஆம் தேதி இதே பொள்ளாச்சிக்கு ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் இன்றும் ஒத்துப்போவதில்லை. அதற்கு முந்தின நாள்தான் இந்தப் பகுதியில் பிறந்த மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியம் ராஜினாமா செய்தார். நான் தினமும் நடந்து போகும் தெருக்கள் இவை.

2008 டிசம்பரில் ஈரோட்டில் நடந்த ஒரு கூட்டத்தில் ஈழப்போர் பற்றிப் பேசியதற்காகச் சீமான், கொளத்தூர் மணி, பெ. மணியரசன் மூவரும் கைதானார்கள். போர் நடந்தது பக்கத்து நாட்டில்.

ஆயுதம் போகுதுன்னு கேள்விப்பட்டா லாரிய மறிக்கறதும் தப்புங்களா?

2009 மே மாதம் நீலாம்பூர் பக்கம் புறவழிச்சாலையில் அதுதான் நடந்தது. இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்ற பேச்சை நம்பி ராணுவ வண்டிகளை மறித்துத் தாக்கினார்கள். பயிற்சிக்குப் போய்வந்த வண்டிகள் என்று ராணுவம் சொன்னது. அவர்களின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது, முள்ளிவாய்க்காலில் அந்த வாரம் நடந்ததைக் கேட்டு யாருக்குத்தான் தூக்கம் வந்தது? "ஆயுதம் அனுப்பாதே" என்று மேடையில் முழங்குவதற்கு முழு உரிமை உண்டு. கையில் கல் எடுத்ததும் பேச்சுரிமை துணைக்கு வராது.

எதிரிக்குச் சாதகமாப் பேசறவன உள்ள போட்டா என்னங்க தப்பு? அங்க நம்ம பசங்க சாகறாங்க.

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் மருமகன் எல்லையில் இருந்தார். அவர் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எதிரிக்குத் தகவல் கொடுப்பவனை, படை நகர்வைச் சொல்பவனை உள்ளே போடத்தான் வேண்டும். அதற்குச் சட்டம் இருப்பதைச் சூலூர் கேள்வியிலேயே சொன்னேன். கருத்துச் சொல்பவனை அந்தக் கணக்கில் சேர்ப்பதைத்தான் எதிர்க்கிறேன். "சாதகம்" எது என்பதை யார் முடிவு செய்வது?

1962ல் சீனப் போர் வந்ததும், இந்தியாவில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3000 பேரைப் பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். கடை வைத்திருந்தவர்கள், பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், வயதானவர்கள். ஒரு வார்த்தைகூடப் பேசாதவர்கள். முகமே குற்றமாகிவிட்டது. சிலர் வெளியே வர ஆண்டுக்கணக்கானது, வந்தபோது வீடும் கடையும் இல்லை. அதே காலத்தில் நூற்றுக்கணக்கான கம்யூனிஸ்டுகளையும் விசாரணை இல்லாமல் வைத்தார்கள்.

2002ல் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோவைப் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். வேலூர்ச் சிறையில் 19 மாதம் இருந்தார். பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கம் இல்லாத வெறும் வாய் ஆதரவு அந்தச் சட்டத்தில் குற்றம் ஆகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய தலைவருக்கே அதற்குள் ஒன்றரை ஆண்டு போய்விட்டது. பவர்லூம் ஓட்டுகிற ஒருவர் அப்படி 19 மாதம் உள்ளே இருந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியுமா என்று, இந்தக் கேள்வியைக் கேட்டவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

சண்டை முடிஞ்சா எல்லாம் பழையபடி ஆயிருமுங்களா?

எனக்கு நெம்பக் கவலை தருவது இதுதான். சீனப் போர் 1962 நவம்பர் 21ல் நின்றது. நெருக்கடி நிலை 1968 ஜனவரி 10 வரை இருந்தது. 1971 போர் டிசம்பர் 17ல் முடிந்தது. அந்த நெருக்கடியை 1977 மார்ச் 27ல்தான் எடுத்தார்கள். இரண்டு வாரச் சண்டைக்கு ஐந்து ஆண்டுக்கு மேல். பொள்ளாச்சியில் 1965ல் நடந்ததை மேலே சொன்னேன், அது சீனப் போர் நின்றதற்கும் அந்த நெருக்கடியை எடுத்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளியில்தான் நடந்தது.

இப்போது நெருக்கடி அறிவிக்காமலேயே காரியம் நடக்கிறது. 2025 மே 8 அன்று, 8000க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் முடக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டதாக எக்ஸ் நிறுவனம் சொன்னது. பெரும்பாலானவற்றில் எந்தப் பதிவு தப்பு என்றுகூடக் குறிப்பிடவில்லை என்றும் சொன்னது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் வந்த 2009 விதிகள் இந்த உத்தரவுகளை ரகசியமாக வைக்க இடம் கொடுக்கின்றன. முடிவுத் தேதி தெரியாத உத்தரவை எப்படி எதிர்ப்பது?

நெட்டையே நிறுத்திப்போட்டா? அப்படி ஏதாச்சும் உத்தரவு வந்தா நான் என்னங்க கேக்கோணும்?

எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யார் கையெழுத்து, எந்தத் தேதி வரை. நெட் நிறுத்த உள்துறைச் செயலர் மட்டத்தில்தான் உத்தரவு போட வேண்டும், 15 நாளுக்கு மேல் போகக்கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும். 2020 ஜனவரி 10ல் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், முடிவில்லாமல் நீட்டக்கூடாது என்றது. வெளியிட்டால்தான் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம் போக முடியும்.

வக்கீல் வைக்கக் காசு இல்லை என்று யாரும் பயந்து உட்கார வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண் 15100. காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலேயே வழக்கறிஞர் தருவார்கள். தாலுகா அளவிலும் கோர்ட் வளாகத்திலேயே அந்தக் குழு இருக்கும். பையனைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள், எந்த ஸ்டேஷன் என்று மட்டும் கேட்டுக்கொண்டு அந்த எண்ணுக்குப் போடுங்கள்.